அப்பாயிக்கு எதுக்கு டிக்கெட்டு

மொதல்லயே ஒத்துக்கறேன், பசங்கள நான் பொய் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். தீம் பார்க் போறோம்னு சொன்னேன், என்ன தீம்னு அவங்களும் கேக்கல, நானும் வாயத் தொறக்கல. பெரியவனுக்கு பத்து வயசு, சின்னவளுக்கு ஆறு. ரெண்டும் ராத்திரியே நீச்சல் டிரஸ், டவல் எல்லாம் எடுத்து பைக்குள்ள திணிச்சு வச்சிருந்துச்சுங்க, அத பாத்தப்ப மட்டும் கொஞ்சம் பாவமா இருந்துச்சு. ஆனா என்ன பண்றது, தஞ்சாவூர்ப் பக்கத்துலேந்து அத்தை, அதான் என் மாமியார், வந்து பத்து நாளாச்சு, பிளாட்டுக்குள்ளயே உக்காந்து டிவியும் பால்கனியுமா இருக்காங்க, எழுபத்திரண்டு வயசு, அவங்கள தண்ணி சறுக்குல ஏத்தியா விட முடியும். எல்லாருக்கும் பொதுவா ஒரு எடம் வேணும்னு யோசிச்சு யோசிச்சு கடைசில சென்னை ஈசிஆர்ல முட்டுக்காடு கிட்ட, பழைய வீடுகள கொண்டுவந்து வச்சிருக்கற தட்சிணசித்ரான்னு முடிவு பண்ணோம்.

இவருக்கு செவ்வாக்கிழமைதான் லீவு, அன்னிக்கே போலாம்னு இருந்தோம், நல்லவேளை முந்தின நாள் போன்ல பாத்தேன், செவ்வாய்னா அவங்க லீவு. நீங்க யாராவது போறதா இருந்தா இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. அப்புறம் சனிக்கிழமைக்கு மாத்துனோம், அதுவும் நல்லதாப் போச்சு, வார கடைசில ஏதாவது கூத்து, ஆட்டம்னு இருக்கும்.

பிரச்சனை எங்க ஆரம்பிச்சுதுன்னா, எம்ஜிஎம் பார்க்கும் அதே முட்டுக்காட்டுலதான் இருக்கு. பெரியவன் அந்த ராட்டினத்த பாத்துட்டு சீட் பெல்ட்ட கழட்டவே ஆரம்பிச்சுட்டான். கார் அங்க திரும்பாம தட்சிணசித்ரா வாசல்ல போயி நின்னதும் அவன் மூஞ்சி போன போக்க பாக்கணுமே. "ம்மா, இங்க ரைடு எங்க?"னு கேட்டான். "உள்ள போயி பாக்கலாம்டா"ன்னேன். அது ரெண்டாவது பொய்.

அத்தையோட கேள்வி வேற மாதிரி. டிக்கெட் கவுன்டர் கிட்ட நின்னுட்டு "உள்ள என்னம்மா இருக்கு?"ன்னாங்க. பழைய காலத்து வீடுங்க அத்தை, செட்டிநாட்டு வீடு, நம்ம தஞ்சாவூர் விவசாயி வீடு எல்லாம் இருக்குன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அதுக்கா காசு குடுக்குற? நான்தான் அதுல முப்பது வருஷம் இருந்தேனே"ன்னாங்க. பின்னாடி வரிசைல நின்னவங்க சிரிச்சுட்டாங்க.

இவருக்கு எங்க போனாலும் போர்டு படிக்கற வியாதி உண்டு, அதனால எடத்தோட கதை எனக்கு ஓசில கெடச்சுடும். டெபோரா தியாகராஜன்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல பொறந்து தமிழ்நாட்டுக்கு மருமகளா வந்தவங்க. செட்டிநாட்டுப் பக்கம் பெரிய பெரிய வீடுகள இடிச்சு தூணு, கதவு, நிலைன்னு பிரிச்சு பிரிச்சு வித்துட்டு இருந்த காலம் அது. 1984ல மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுக்கும் 12 வருஷம் கழிச்சு 1996 டிசம்பர்லதான் இந்த எடத்த பொது ஜனங்களுக்கு தொறந்துருக்காங்க. பத்து ஏக்கர், பதினெட்டு வீடு. மொத்த எடத்துக்கும் திட்டம் போட்டுக் குடுத்தது லாரி பேக்கர், கேரளாவுல செங்கல்லயே அவ்ளோ சிக்கனமா வீடு கட்டினாரே அவரேதான், அப்புறம் பென்னி குரியாகோஸ் அத எடுத்து நடத்திருக்காரு.

பதினெட்டு வீடுன்னா மாதிரி வீடு, செட்டிங்னு நெனச்சுடாதீங்க, நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். நெஜமாவே எங்கயோ ஒரு ஊர்ல ஆளுங்க குடியிருந்த வீடுங்க. இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா போயி வாங்கி, அளவெடுத்து, போட்டோ புடிச்சு, ஒவ்வொரு கட்டைக்கும் நம்பர் போட்டு, பிரிச்சு லாரில ஏத்திட்டு வந்து, இங்க ஸ்தபதி, ஆசாரிங்கள வச்சு திரும்ப அப்படியே கோர்த்துருக்காங்க. இத சொன்னதும்தான் பெரியவன் மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. "லெகோ மாதிரியா?"ன்னான். ஆமாடா, லெகோதான்னேன். அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குள்ள போனாலும் தூணுக்குப் பின்னாடி நம்பர் தெரியுதான்னு தேட ஆரம்பிச்சுட்டான், அவனுக்கு அதுவே ஒரு வேலையா ஆயிடுச்சு, எனக்கும் நிம்மதி.

செட்டிநாட்டு வீட்டுல இவர் அசையவே மாட்டேன்னுட்டாரு. அந்த திண்ணையும் தூணும் கதவுல இருக்கற செதுக்கு வேலையும் பாத்தா யாருக்குத்தான் கெளம்ப மனசு வரும். நகரத்தாருங்க பர்மாவுல தொழில் பண்ணவங்க, அதனால தேக்கு கப்பல்லயே வந்து எறங்கும், ஆனா எனக்கு எப்பவுமே ஆச்சரியம் செட்டிநாட்டு செவருதான். சுண்ணாம்ப நல்லா அரைச்சு, முட்டையோட வெள்ளைக்கரு கலந்து, பூசி பூசி தேச்சு வழவழன்னு கண்ணாடி மாதிரி ஆக்கிடுவாங்க. இத சின்னவகிட்ட சொன்னேன், அவ ரொம்ப சீரியஸா "அப்ப மஞ்சக்கருவ என்ன பண்ணாங்க?"ன்னா. யாருகிட்டயும் பதில் இல்ல. இன்னி வரைக்கும் நான் அத யோசிச்சுட்டுதான் இருக்கேன், அவ்ளோ பெரிய வீட்டுக்கு எத்தன ஆயிரம் முட்டை உடைச்சிருப்பாங்க, அந்த கொத்தனாரு வீட்ல எல்லாம் மாசக்கணக்கா மஞ்சக்கரு பொரியல்தானா.

அடுத்து தஞ்சாவூர் விவசாயி வீடு.

நான் நெனச்சது என்னன்னா, அத்தை உள்ள போனதும் கண்ணு கலங்குவாங்க, பழைய கதை எல்லாம் சொல்லுவாங்க, பசங்க சுத்தி உக்காந்து கேக்கும், நான் ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாம். போனை கூட ரெடியா கைல வச்சிருந்தேன். அத்தை வாசல்ல செருப்ப கழட்டி ஓரமா வச்சாங்க, யாரும் சொல்லல, அவங்களாதான். தலைய லேசா குனிஞ்சு உள்ள போனாங்க. நின்னாங்க. மூக்க ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாங்க. "வாசனையே இல்லியே"ன்னாங்க.

என்ன வாசனை அத்தைன்னு கேட்டேன். "நெல்லு அவிச்ச வாசனை இல்ல, சாணி வாசனை இல்ல, அடுப்புப் பொகை இல்ல. ஒருத்தரும் இருமல பாரு. வீடுன்னா யாராவது ஒரு கெழவன் மூலைல படுத்து இருமிட்டு இருக்கணும்."

நான் போனை பைக்குள்ள போட்டுட்டேன்.

அதுக்கப்புறம் அவங்க பாட்டுக்கு ஒவ்வொரு எடமா காமிச்சு சொல்ல ஆரம்பிச்சாங்க, ஆனா நான் எதிர்பார்த்த மாதிரி இல்ல. நம்ம எல்லாம் முற்றம்னா ஆஹா, வெளிச்சம், காத்து, மழை நேரா வீட்டுக்குள்ள பெய்யும்னு உருகுவோம்ல, நானும் அத வாய விட்டு சொல்லிட்டேன். அத்தை திரும்பி ஒரு பார்வை. "மழை பேஞ்சா நல்லாத்தான் இருக்கும். அந்தத் தண்ணிய யாரு கூட்டித் தள்றது? ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் எனக்கு அதே வேலை. தாழ்வாரம் பூரா சொதசொதன்னு, ஒரு நாளைக்கு நாலு தடவ தொடைக்கணும், மாமனாரு வழுக்கி விழுந்தா எனக்குல்ல திட்டு." கல்யாணம் ஆகி வந்தப்ப அத்தைக்கு பதினெட்டு வயசு, வீட்ல பதினாலு பேரு. ஆம்பளைங்க சாப்ட்டு, பசங்க சாப்ட்டு, மாமியார் சாப்ட்டு, அப்புறம் இவங்க அந்த இருட்டு அடுப்படிலயே உக்காந்து சாப்புடுவாங்களாம். திண்ணைல ஒரு நாள் கூட உக்காந்தது இல்லையாம். "திண்ணை ஆம்பளைங்களுக்கு, கொல்லை நமக்கு"ன்னாங்க, ஏதோ பஸ் ரூட் சொல்ற மாதிரி சாதாரணமா.

எனக்கு இது எதுவும் தெரியாது. கல்யாணமாகி பன்னெண்டு வருஷம், எத்தனையோ தடவ அவங்க ஊருக்குப் போயிருக்கேன், ஆனா நான் போறதுக்கு முன்னாடியே அந்தப் பழைய வீட்ட இடிச்சுட்டு மாடி வச்சு கட்டிட்டாங்க. இவருக்கே தெரியாது போல, அம்மா பேசப் பேச ஒரு மாதிரி தரையவே பாத்துட்டு நின்னாரு.

பசங்களுக்கு இதெல்லாம் எங்க ஏறப் போகுது, அதுங்க ரெண்டும் ஒரு ஆட்டுக்கல்ல கண்டுபுடிச்சு குழவிய சுத்திட்டு கெடந்துச்சுங்க. சின்னவளால அசைக்கவே முடியல, பெரியவன் சுத்துனான், அதுக்கே மூச்சு வாங்கிச்சு. "அப்பாயி, இது ஜாலியா இருக்கு"ன்னான். "வெறுங்கல்ல சுத்துனா ஜாலிதான் தம்பி, ரெண்டு படி அரிசியப் போட்டு அரைச்சுப் பாரு"ன்னாங்க அப்பாயி. அப்புறம் குனிஞ்சு கைய வச்சு அவனுக்கு ஒரு சுத்து சுத்திக் காமிச்சாங்க பாருங்க, இடது கையால ஓரத்துல வழிச்சுத் தள்ளிக்கிட்டே வலது கையால சுத்துற அந்த தாளம், மாவே இல்லாத கல்லுல கை தானா அத செஞ்சுது. மூட்டு வலிக்கு மாத்திரை போடற கை அது.

அங்கேந்து அக்ரகாரத் தெரு. ஆம்பூர்லேந்து கொண்டுவந்த வீடு, பிரியாணி ஆம்பூர் இல்ல, இது திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர். செவருக்கு செவரு ஒட்டி வரிசையா இருக்கற வீட்டு அமைப்பு, குறுகலா நீளமா உள்ள போயிட்டே இருக்கும், வாசல்ல நின்னா கொல்லை வரைக்கும் நேரா தெரியும். நாங்க எல்லாம் விறுவிறுன்னு முன்னாடி போயிட்டோம், திரும்பிப் பாத்தா அத்தை தெரு மொனைலயே நிக்கறாங்க.

கால் வலிக்குதான்னு கேட்டா இல்லன்னாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க, அவங்க பொறந்த ஊர்லயும் இந்த மாதிரி ஒரு தெரு உண்டாம், அவங்க அப்பா அந்தத் தெருவுல நெல்லு அளக்கப் போவாராம், செருப்ப கைல எடுத்துட்டு துண்ட இடுப்புல கட்டிட்டுதான் நடப்பாராம், அதுவும் கொல்லைப் பக்கமாத்தான் போகணும். வயக்காட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு அந்தத் தெருவே கெடையாது, சுத்திட்டுதான் போகணும். அத்தை சின்னப் புள்ளையா அப்பா கூட ஒரு தடவ போயிருக்காங்க, திண்ணைல ஏறப் போனவங்கள அப்பாவே வெடுக்குன்னு கைய புடிச்சு இழுத்துட்டாராம், யாரோ பாத்துடப் போறாங்கன்னு.

என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இந்த விஷயம் எல்லாம் எனக்கும் தெரியாதது இல்ல, ஸ்கூல்லயே படிச்சதுதான், ஆனா நம்ம வீட்டுல தெனமும் கூட உக்காந்து சீரியல் பாக்கறவங்க வாயிலேந்து வரும்போது வேற மாதிரி இருக்கு. சின்னவதான் காரியத்த முடிச்சு வச்சா. அவளுக்கு கால் வலி, நேரா போயி அந்தத் திண்ணைல ஏறி உக்காந்து "அப்பாயி இங்க வா, ஜில்லுன்னு இருக்கு"ன்னு தட்டித் தட்டி கூப்புட்டா. அத்தை போனாங்க. உக்காந்தாங்க. செருப்ப கழட்டவே இல்ல. அங்க ஒரு பத்து நிமிஷம் உக்காந்திருப்போம், அன்னிக்கு நாங்க அதிக நேரம் ஒரே எடத்துல உக்காந்தது அங்கதான், முறுக்கு கூட அங்க உக்காந்துதான் தின்னோம்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு கண்டிப்பா பாருங்க, கோர்வைச் சேலைல பார்டரையும் ஒடம்பையும் தனித்தனி நாடா வச்சு நெய்ஞ்சு ஒண்ணோட ஒண்ணு கோர்க்கறாங்க, அதுக்கு தறில ரெண்டு பேரு வேணும், அதனாலதான் அந்த வெல. இனிமே கடைல பேரம் பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிப்பேன் (பேசுவேன், ஆனா யோசிப்பேன்). கேரளா பக்கம் புதுப்பள்ளிலேந்து வந்த சிரியன் கிறிஸ்டியன் வீடு, பூரா மரம், வீட்டுக்குள்ளயே நெல்லு கொட்டி வைக்கற அறை, அத பாத்து அத்தைக்கு ரொம்ப திருப்தி, "இவங்கதான் வெவரமா கட்டிருக்காங்க, எலி வராது"ன்னு சர்டிஃபிகேட் குடுத்துட்டாங்க. கர்நாடகா பக்கம் இல்கல் நெசவாளர் வீடு இருக்கு, அந்நேரத்துக்கு வெயில் மண்டைய பொளந்துச்சு, நான் நெழலப் பாத்து ஒதுங்கிட்டேன், சரியா பாக்கல.

ஆனா ஆந்திரா கடலோரத்து சுட்டில்லுன்னு ஒரு வட்ட வீடு, அத மட்டும் பெரியவன் விடவே இல்ல. மண் செவரு, வட்டமா, மேல கூரை கிட்டத்தட்ட தரைய தொடற மாதிரி எறங்கி வருது, ஆளு குனிஞ்சுதான் உள்ள போகணும். ஏன் இப்படின்னு அப்பாவ நச்சரிச்சான், புயல் அடிக்கற கரைல மூலை இருந்தா காத்து அங்க முட்டி மோதி பிச்சுடும், வட்டமா தாழ்வா இருந்தா வழுக்கிட்டு போயிடும்னு இவர் சொன்னதும் உள்ளயும் வெளியயுமா ஓடி ஓடி காத்து மாதிரி மோதிப் பாத்தான். ரைடு எங்கன்னு கேட்டவன் அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. கேட்டது சின்னவ. ஐயனார் கோயில் முன்னாடி வரிசையா நிக்கற மண் குதிரைங்கள பாத்ததும் "இதான் ரைடா? எவ்ளோ நேரம் சுத்தும்?"ன்னா. அத்தைக்கு அவ்ளோ சிரிப்பு, ஆனா கன்னத்துல போட்டுக்கிட்டே சிரிச்சாங்க, "ராத்திரில ஐயனாரு ஏறிட்டு ஊர சுத்துவாரு பாப்பா, நமக்கெல்லாம் எடம் கெடையாது"ன்னு சொல்லி கூட்டிட்டுப் போனாங்க.

கைவேலை செய்யற எடத்துலதான் பசங்க கணக்குல பார்க்கே ஆரம்பிச்சுது. பானை வனையறது, ஓலைல பொம்மை பண்றது, கண்ணாடிய உருக்கி ஊதி குட்டி குட்டி உருவம் செய்யறதுன்னு நெறைய இருக்கு, சிலதுக்கு தனியா காசு, சில்லறை வச்சுக்கோங்க. பெரியவன் சக்கரத்துல உக்காந்தான், அந்த பெரியவரு அவன் கைய புடிச்சு வச்சிருந்த வரைக்கும் பானை ஜோரா எழும்பிச்சு, கைய எடுத்தாரு, அப்படியே ஒரு பக்கமா சாஞ்சு கொழக்கட்டையாயிடுச்சு. இவனுக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. அவரு சிரிக்காம இன்னொரு உருண்டை மண்ண எடுத்து நடுவுல வச்சு "நடு கெடச்சுட்டா பானை தானா வரும், நடு கெடைக்கறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு"ன்னாரு. ரெண்டாவது தடவ ஏதோ ஒரு கிண்ணம் மாதிரி வந்துச்சு. சுடாத மண்ணு, காயற வரைக்கும் தொடாதன்னு சொல்லி ஒரு பேப்பர்ல வச்சுக் குடுத்தாரு.

சாயங்காலம் ஒரு பொம்மலாட்டம் இருந்துச்சு, அதுக்குள்ள சின்னவ என் மடில தூங்கிட்டா, எனக்கும் பாதி கண்ணு சொருகிடுச்சு, அதனால அத பத்தி எழுத எனக்கு தகுதி இல்ல. காலைல பத்தரைக்கு உள்ள போயி அஞ்சு மணிக்கு வெளிய வந்தோம். வயசானவங்கள கூட்டிட்டுப் போனா அவ்ளோ நேரம் வேணும், ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து எந்திரிக்கணும்ல. ஈஸியா கழட்டி மாட்டற செருப்பு, தொப்பி, தண்ணி பாட்டில், இது மூணும் இல்லாம போகாதீங்க, கடல் பக்கத்துலயே இருந்தாலும் மத்தியான வெயில் வெயில்தான்.

திரும்பி வரும்போது கார்ல எல்லாரும் கம்முன்னு இருந்தோம். கிண்ணம் திருவான்மியூர் தாண்டறதுக்குள்ள ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டா பொளந்துடுச்சு, பெரியவன் அத தூக்கி பாத்துட்டு "பரவால்லம்மா, இது லெகோ, நம்பர் போட்டு ஒட்டிக்கலாம்"ன்னான். நான் அத்தைகிட்ட எப்படி அத்தை இருந்துச்சு, புடிச்சுதான்னு கேட்டேன். "நல்லா தொடைச்சு வச்சிருக்காங்க. இவ்ளோ சுத்தமா நாங்க ஒரு நாளும் வச்சதில்ல"ன்னாங்க. கொஞ்ச தூரம் போனதும் பின் சீட்டுலேந்து பெரியவன் காதுகிட்ட குனிஞ்சு ஏதோ கேட்டாங்க, அவன் கத்திட்டான், "ம்மா! அப்பாயி அடுத்த வாரம் எம்ஜிஎம் வராங்களாம்!"

நான் திரும்பி பாத்தேன். அத்தை ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாங்க, "பழசத்தான் பாத்தாச்சே. அந்த ராட்டினம் பெருசா இருந்துச்சு, அதுல நான் ஏறுனதில்ல."

இவர் ஆன்லைன்ல பாத்துட்டு இருக்காரு, சீனியர் சிட்டிசனுக்கு டிக்கெட் எவ்ளோன்னு.